பழுது பார்க்கத் தெரிந்த கை

மோட்டார் வண்டி ஒன்றை வாங்குவதற்குப் பணம் வேண்டும். அதை வைத்திருப்பதற்குப் பணத்தோடு பொறுமையும் வேண்டும். இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் வேண்டும் என்பது என் கருத்து. அது வண்டியைப் பற்றிய சிறிதளவு அறிவு. வண்டி வைத்திருத்தல் யானையைக் கட்டித் தீனி போடுவதற்கு ஒப்பானது என்பர். ஆனால், யானையைக் காக்கும் பாகன் அதன் குணத்தையும் நோயையும் ஓரளவேனும் அறிந்திருப்பான். வண்டிக்கு உடையவராகிய நம்மிற் பலரோ அதன் பொனற்றைத் திறந்து பார்க்கவும் அஞ்சுகின்றோம். அந்த அச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை சிறிதன்று.

பெரிய முகவர் நிலையங்களின் பழுதுபார்க்கும் கூடங்களுக்குச் சென்றவர்கள் இதனை நன்கு அறிவார்கள். குளிரூட்டிய அறையிலே நாற்காலி தருகின்றார்கள், கோப்பி தருகின்றார்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் சீருடை அணிந்தோர் நம்முடைய வண்டியைச் சுற்றி நடமாடுகின்றார்கள். சிறிது நேரத்தில் நீண்ட தாள் ஒன்று கைக்கு வருகின்றது. அதிலுள்ள சொற்களிற் பாதி நமக்கு விளங்குவதில்லை. அடியில் எழுதியிருக்கும் தொகை மட்டும் தெளிவாக விளங்குகின்றது.

எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கே கூறுவது பொருந்தும். என் தங்கையின் கணவர் அரச அலுவலகம் ஒன்றிற் பணிபுரிபவர். அவர் பல ஆண்டு சேமிப்போடு கடனும் பெற்று, மின்சாரமும் பெற்றோலும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். இரண்டு ஆண்டு குறைவின்றி ஓடிய அந்த வண்டியில் ஒரு நாள் சிவப்பு விளக்கு எரிந்தது. முகவர் நிலையம் ஒன்றுக்குக் கொண்டு சென்றார். மின்கலத் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, ஆறு இலட்சம் ரூபாவுக்கு அண்மையான ஒரு மதிப்பீட்டைக் கொடுத்தார்கள். அவரிடம் அவ்வளவு தொகை இருந்தது; ஆனால் அது மூத்த மகளின் பல்கலைக்கழகப் படிப்புக்கென வைத்திருந்த தொகை. அன்று மாலை என்னிடம் வந்தார். "மச்சான், இதை மாத்தாட்டில் கார் நடுறோட்டிலை நிக்குமாம். மாத்தினால் பிள்ளையின்ரை காசு போகுது. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை" என்றார்.

நான் முப்பது ஆண்டு விஞ்ஞானம் கற்பித்தவன், மெக்கானிக் அல்லேன். ஆயினும், ஒரு பொருளை மாற்றுவதற்கு முன் அது கெட்டதற்குச் சான்று கேட்க வேண்டும் என்பதை மாணவருக்குச் சொல்லிக் கொடுத்தவன். இருவரும் எங்கள் ஊர்க் கராச்சுக்குப் போனோம். தகரக் கொட்டகை, மாமர நிழல், ஒயில் ஊறிக் கறுத்த நிலம். அங்கே வேலை செய்பவர் இருவர். ஒருவர் எழுபது வயதை அண்டியவர். இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே நோய் சொல்ல வல்லவர். மற்றவன் என்னிடம் படித்த ஓர் இளைஞன். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே, ஸ்ரியரிங்கின் கீழ், பதினாறு முனைகள் கொண்ட ஓர் இணைப்பு உண்டு. இளைஞன் உள்ளங்கையளவான ஒரு கருவியை அதிலே பொருத்தினான். வண்டி தன் குறையைத் தானே இலக்கமாகச் சொல்லிற்று. அவன் அதை வாசித்துவிட்டு, "பற்றறி பழுது எண்டு இதிலை இல்லை மாஸ்டர். பற்றறிக்குக் காத்துப் போகேல்லை எண்டுதான் கிடக்கு" என்றான்.

பின்னிருக்கையின் அடியில் இருக்கும் அந்த மின்கலத் தொகுதி வேலை செய்யும்போது சூடேறும். அச்சூட்டைத் தணிப்பதற்காக ஒரு சிறு விசிறி, வண்டியின் உள்ளேயிருக்கும் காற்றை இருக்கையோரத்துத் துவாரம் வழியாக இழுத்து மின்கலங்களின்மீது செலுத்துகின்றது. நம் செம்பாட்டுப் புழுதியும், இருக்கைத் துணியின் நூலும், வீட்டு நாயின் உரோமமும் அந்த விசிறியிலே பல ஆண்டாகப் படிந்து அடைத்துவிட்டன. இளைஞன் கனத்த இறப்பர்க் கையுறை அணிந்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் செம்மஞ்சள் நிறப் பிடியைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருந்து, அதன்பின்னரே விசிறியை வெளியே எடுத்தான். எடுத்தபோது அது விசிறி போலத் தோன்றவில்லை. குருவிக்கூடு போலத் தோன்றிற்று. துடைத்தான்; மின்கலங்களின் அழுத்தத்தை ஒவ்வொன்றாக அளந்து பார்த்தான்; யாவும் சமமாக இருந்தன. அரை நாள் வேலைக்கு ஆறாயிரம் ரூபா வாங்கினார்கள். ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. அதே மின்கலத்தோடு வண்டி ஓடுகின்றது. மகளும் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றாள்.

முகவர் நிலையத்தார் அனைவரும் ஏமாற்றுக்காரர் என்று இதனால் முடிவு கட்டுதல் நீதியாகாது. அவர்களுடைய முறையே வேறு. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணிநேரம் என்று முன்னரே ஒரு கணக்கு எழுதப்பட்டிருக்கும். வேலை விரைவில் முடிந்தாலும் அந்தக் கணக்கின்படியே கூலி அறவிடப்படும். சிறிய உறுப்பொன்று கெட்டால், அதைக் கொண்டிருக்கும் தொகுதி முழுவதையும் மாற்றுவதே அவர்களுக்கு எளிது. செய்த வேலைக்கு உத்தரவாதம் கொடுப்பதற்கும் அதுவே வசதி. உற்பத்தியாளரின் முத்திரை பெற்ற பாகங்களின் விலை, இறக்குமதி வரி, கட்டடச் செலவு, குளிரூட்டிய அறை, கோப்பி ஆகிய யாவும் அந்த நீண்ட தாளிலே எங்கோ ஓரிடத்தில் அடங்கியிருக்கும். பழுது பார்த்தல் வேறு. பாகம் மாற்றுதல் வேறு. பணம் கொடுப்பவர் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதிருக்கும்வரை, எதற்குப் பணம் கொடுக்கின்றார் என்பதையும் அறியமாட்டார்.

பாகம் மாற்றுவதற்கு வழியே இல்லாத ஒரு காலத்தையும் எங்கள் குடாநாடு கண்டது. அக்காலத்தை நினைவுகூராமல் இப்பொருளைப் பற்றி எழுத முடியாது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்த கார்களில் ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் என்பவை யாழ்ப்பாணத்தார் மனத்திலே தனியிடம் பெற்றன. ஒஸ்ரின் ஏ 40 வரிசை 1947ஆம் ஆண்டிலும், மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அவற்றின் அமைப்பு எளிமையானது. பொனற்றைத் திறந்தால் இயந்திரத்தின் ஒவ்வொரு பகுதியும் கண்ணுக்குத் தெரியும், கையும் எட்டும். நான்கைந்து ஸ்பனர்களும், ஒரு திருப்புளியும், ஒரு குறடும் இருந்தால் பெரும்பாலான வேலைகளை முற்றத்திலேயே செய்துவிடலாம். எங்கள் ஐயாவும் பழைய ஏ 40 ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் முன்னே நிற்பார். ஸ்பனரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. கேட்ட அளவுக்கு மாறான ஸ்பனரைக் கொடுத்தால் ஏச மாட்டார். "பொருத்திப் பார்" என்று என்னிடமே திருப்பித் தருவார். எட்டில் எத்தனை பங்கு, பதினாறில் எத்தனை பங்கு என்ற பின்னக் கணக்கு எனக்கு அவ்வாறுதான் விளங்கிற்று.

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே போர் மீண்டும் மூண்டது. அதன் பின் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை இறுகிற்று. மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றறி, மோட்டார் உதிரிப்பாகங்கள் முதலிய பொருள்களைக் கொண்டுவருதல் தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் குறைந்த அளவிலே, பெருவிலைக்குக் கிடைத்தது. அப்போதுதான் எங்கள் பழைய கார்கள் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின.

அதன் நுட்பத்தை இளைஞர் அறிந்திருத்தல் நன்று. பெற்றோல், குளிர்ந்த இயந்திரத்திலும் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெயோ இயந்திரம் நன்கு சூடேறினாலன்றி ஆவியாகி எரியாது. ஆகவே ஒரு சிறு போத்தலிலே கொஞ்சம் பெற்றோலைப் பொன் போலக் காத்து வைத்திருப்போம். காலையில் அதிற் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தைத் தொடங்க வேண்டும். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நீர் இறைக்கும் இயந்திரத்தைத் தோட்டத்திலே இயக்கிப் பழகிய கமக்காரருக்கு இது புதிய வித்தை அன்று. இங்கிலாந்தின் வயல்களிலும் ஒரு காலத்திலே பேர்குசன் உழவு இயந்திரங்களிற் சில, பெற்றோலிலே தொடங்கி, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எரிபொருளில் ஓடியதுண்டு. மண்ணெண்ணெய் கூடிய அழுத்தத்தில் முந்தி எரிந்து இயந்திரத்தை இடிக்கச் செய்யும். பழைய ஏ 40 தன் எரிவாயுக் கலவையை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகவே அமுக்குவதால் அதைத் தாங்கிற்று. பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் அமுக்குகின்ற இக்காலத்து இயந்திரங்கள் அதைத் தாங்கமாட்டா. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலிற் கலந்து, அதை நீர்க்கச் செய்யும் என்பதையும் ஐயா அறிந்திருந்தார். ஒயிலை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தே அதன் நிலையைச் சொல்வார்.

கேஸ்கற் தேய்ந்தால் தடித்த மட்டையை அளவெடுத்து வெட்டினோம். கழிந்த ரயரிலிருந்து இறப்பர்த் துண்டுகள் பிறந்தன. இரும்பு உறுப்பு தேய்ந்தால் லேத் பட்டறையிலே கடைந்து எடுத்தார்கள். வானொலிக்குப் பற்றறி இல்லாதபோது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்திலே செய்தி கேட்டோம். உலகத்தின் குரல் எங்கள் கைச் சுழற்சியின் வேகத்துக்கேற்ப ஏறியும் இறங்கியும் ஒலித்தது.

இவை வேடிக்கைக்காகச் செய்தவை அல்ல. 1993ஆம் ஆண்டு மாரி காலத்து ஓர் இரவிலே எங்கள் அயலில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டது. ஐயாவின் வண்டியிலே அவளையும் தாயாரையும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பாதி வழியிலே இயந்திரம் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மழை, சுற்றிலும் இருள். பின்னிருக்கையிலிருந்து எழுந்த முனகலை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஐயா ஒரு சொல்லும் பேசவில்லை. அரிக்கன் லாந்தரை நான் பிடிக்க, காபரேற்றரைத் திறந்து, ஊசித்துளை போன்ற அதன் துவாரத்தை எடுத்து, வாயால் ஊதி அழுக்கை நீக்கி, மீண்டும் பொருத்தினார். சிறு போத்தலில் எஞ்சியிருந்த பெற்றோல் முழுவதையும் விட்டார். இயந்திரம் பற்றிக்கொண்டது. விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது. அன்று ஐயாவின் கையிலே அந்த அறிவு இல்லாதிருந்தால், எந்தப் பணமும் அந்தத் தெருவோரத்தில் எங்களுக்கு உதவியிராது.

அக்காலத்தை மீண்டும் விரும்புவோர் எவரும் இலர். மண்ணெண்ணெய்ப் புகை கண்ணையும் மார்பையும் வருத்திற்று. நல்ல இயந்திரங்கள் விரைவிலே தேய்ந்தன. வறுமையை அழகு என்று சொல்வது, அதை அனுபவியாதவர்க்கே எளிது. நான் கூற விரும்புவது வேறு. துன்பம் போய்விட்டது நன்று. துன்பம் கற்றுத் தந்த வித்தையும் அதனோடு போய்விடுதல் நன்றன்று.

வழிகள் பின்னர் திறந்தன. 2002ஆம் ஆண்டிலே கண்டி வீதி திறக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டிலே மீண்டும் மூடப்பட்டது. 2009இற் போர் முடிந்தபின் நிலையாகத் திறந்தது. புதிய கார்களும், மோட்டார் சைக்கிள்களும், முச்சக்கர வண்டிகளும் தவணைக் கடனிலே வீடு தேடி வந்தன. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் இருக்கும் எந்த உதிரிப்பாகமும் மறுநாளே கைக்கு வரலாயிற்று. ஏ 40 வண்டிகளைத் தென்னிலங்கைப் பயணிகள் வியந்து படமெடுத்தார்கள். நம் பிள்ளைகளோ சைக்கிள் ரியூபுக்கு ஒட்டுப் போடவும் கடைக்குப் போகத் தொடங்கினார்கள்.

நாட்டின் பொருளாதாரம் அதன்பின் நமக்கு இன்னுமொரு பாடம் நடத்திற்று. 2020ஆம் ஆண்டிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு வரை வழி திறக்கவில்லை. 2022ஆம் ஆண்டிலே எரிபொருளுக்காக நாடு முழுவதும் மைல் கணக்கில் வரிசை நின்றது. இருந்த வண்டியையே பேணிக்கொள்ள வேண்டிய அந்த ஆண்டுகளில், பேணத் தெரிந்தவர்கள் குறைவாகத் துன்புற்றார்கள்.

அறிவு குறைந்ததற்கு வசதி மட்டும் காரணம் அன்று. நம்முடைய மனப்பாங்கும் ஒரு காரணம். மேலே நான் கூறிய இளைஞன் கணிதத்தில் வல்லவன். மோட்டார்த் தொழில் படிக்க விரும்புகின்றான் என்று அறிந்ததும் அவன் தாயார் என்னிடம் வந்து அழுதார். "கையிலை ஒயில் பூசிற வேலைக்கோ மாஸ்டர் நான் உவனைப் படிப்பிச்சனான்? நாளைக்கு ஆர் பெண் குடுப்பினம்?" என்று கேட்டார். அந்தத் தாயை நான் குறை கூறவில்லை. மேசைக்குப் பின்னால் அமர்பவனே மனிதன் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வைத்தவர்கள் நாமே. "அம்மா, வைத்தியரின் கையிலும் இரத்தம் படுகின்றது, அதைக் கண்டு எவரும் அருவருப்பதில்லையே" என்றேன். அவர் சமாதானம் அடைந்தாரோ, அறியேன். இளைஞன் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்திலே மோட்டார்த் தொழில்நுட்பம் கற்றான். கற்றபின், முதியவரின் கராச்சுக்கு வந்து சேர்ந்தான். முதியவருக்குக் காது தெரியும். அவனுக்குக் கருவி தெரியும். எங்கள் ஆறு இலட்சம் ரூபாவைக் காத்தது இவ்விரண்டின் சேர்க்கையே.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கு அன்று. அமெரிக்காவிலே 1996ஆம் ஆண்டு முதல், விற்கப்படும் கார்கள் யாவற்றிலும் நான் மேலே சொன்ன பதினாறு முனை இணைப்பு இருத்தல் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஆயினும், ஆழ்ந்த செய்திகளை உற்பத்தியாளர் தம் முகவருக்கு மட்டுமே கொடுத்து வந்தனர். 2012ஆம் ஆண்டிலே மசச்சூசெற்ஸ் மாநில மக்கள் வாக்களித்து, முகவருக்குக் கொடுக்கும் செய்திகளை ஏனைய கராச்சுகளும் விலை கொடுத்துப் பெற வழி செய்தார்கள். வண்டிகள் கம்பியின்றித் தம் செய்திகளை அனுப்பத் தொடங்கியபோது, 2020இல் மீண்டும் வாக்களித்து அவற்றுக்கும் அவ்வுரிமையை விரித்தார்கள். செல்வம் மிகுந்த நாட்டவரே தம் வண்டியைத் தாம் விரும்பிய இடத்திலே திருத்தும் உரிமைக்காகப் போராடுகின்றனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அப்படியாயின் ஒரு குடும்பம் செய்யத்தக்கது யாது? எல்லாவற்றையும் நாமே செய்ய முற்படுதல் அறிவுடைமை அன்று. பிறேக், விபத்தில் விரியும் காற்றுப்பை, ஹைபிரிட் வண்டியின் 100 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்கலம் ஆகியவற்றிலே பயிற்சி இல்லாதவர் கை வைத்தல் உயிருக்கு ஆபத்து. உத்தரவாதக் காலம் முடியாத புதிய வண்டிக்கு முகவர் நிலையமே தக்க இடம். ஆனால், காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டிப் பொருத்துவதற்கும், ஒயிலின் அளவைப் பார்ப்பதற்கும், பற்றறி முனையிற் படிந்த வெண்பூச்சை வெந்நீராற் கழுவுவதற்கும், ரயரின் காற்றை அளப்பதற்கும், எரியாத விளக்கை மாற்றுவதற்கும் எவரிடமும் போக வேண்டியதில்லை. இயந்திரம் ஆறியபின் குளிர்நீரின் அளவைப் பார்க்கப் பத்து வயதுப் பிள்ளையும் கற்கலாம். ஹைபிரிட் வண்டியின் இருக்கையோரத்துத் துவாரத்தை மாதம் ஒரு முறை துடைப்பது வீடு கூட்டுவதிலும் எளிது. ஆண்பிள்ளைக்கு மட்டுமன்றிப் பெண்பிள்ளைக்கும் இவற்றைக் கற்பித்தல் வேண்டும்; வண்டி இடைவழியில் நிற்கும்போது, ஓட்டுபவர் ஆணா பெண்ணா என்று பார்த்து நிற்பதில்லை.

பெரிய வேலைக்குக் கொண்டு செல்லும்போது மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும். குறை என்ன என்பதைக் கருவி காட்டிய இலக்கத்தோடு எழுதித் தரும்படி கேட்க வேண்டும். பாகத்தைத் திருத்த முடியுமா, மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்க வேண்டும். மாற்றினால் பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி கேட்க வேண்டும். நேர்மையானவர் இக்கேள்விகளால் வருந்தார். மற்றவர் எச்சரிக்கை அடைவார். அதுபோலவே, ஊர்க் கராச்சிலே நன்றாக வேலை செய்தவரிடம் நூறு இருநூறு ரூபாவுக்காகப் பேரம் பேசுவதை நாமும் விட்டொழிக்க வேண்டும். குளிரூட்டிய அறையிலே இலட்சத்தை மறுபேச்சின்றிக் கொடுப்பவர், மாமர நிழலிலே ஆயிரத்துக்கு முகம் சுளித்தால், அந்த மாமர நிழலில் அடுத்த தலைமுறை வந்து நிற்காது.

தன் கையே தனக்குதவி என்பது நம் முன்னோர் வாக்கு. ஓரளவேனும் செய்யத் தெரிந்த கைதான், பிறர் செய்வதன் மதிப்பையும் அறியும். பிறர் செய்யாது விட்டதையும் அறியும். ஆகவே பெற்றோர்களே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொனற்றைத் திறக்கும்போது பிள்ளைகளையும் அழைத்து அருகில் நிறுத்துங்கள். ஸ்பனரை அவர்கள் கையில் கொடுங்கள். வழி மூடியிருந்த காலத்திலே நம் பெற்றோர் பெருந்துன்பத்தோடு கற்றதை, வழி திறந்திருக்கும் இக்காலத்திலே நம் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு கற்கட்டும்.